தலையில அடி பட்டுச்சு... சரியாப் போச்சு!

காரைக்குடிப் பக்கம் வலையபட்டி. செட்டிநாடு என்றதும் எல்லோருக்கும் ஆத்தங்குடிக் கல்லும் தேக்கு நிலைவாசலும்தான் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்ட வீடு இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெரிய வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா, வேன் ஓட்டும் அப்பா, அப்பத்தா, அக்கா, தம்பி என ஐந்து பேர் இருக்கும் இரண்டு அறை வீடு. மேலே மொட்டை மாடி. ஏறுவதற்குப் படி உண்டு. சுற்றிக் கைப்பிடிச்சுவர் கிடையாது. வீடு கட்டும்போது பணம் போதவில்லை. "அப்புறம் கட்டிக்கலாம்" என்று விட்டதுதான். எத்தனை வீடுகளில் இந்த 'அப்புறம்' இன்னும் வரவே இல்லை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

தம்பிக்கு அப்போது 9 வயது, நான்காம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடியில் போய் விழுந்த பந்தை எடுக்க ஏறினான். எடுத்துக் கீழே போட்டுவிட்டு, பின்னால் நகர்ந்தவன் விழுந்துவிட்டான். கீழே துணி துவைக்கும் கல்.

பெரிதாக ரத்தம் இல்லை. அழுதான், எழுந்தான், தண்ணீர் குடித்தான். காதுக்கு மேலே ஒரு வீக்கம். அப்பத்தா துணியைச் சுருட்டி வாயால் ஊதி ஒத்தடம் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பையன் தெருவில் நின்று கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் இல்லை, சரியாப் போச்சு" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நாலு மணிக்கு ஒரு வாந்தி. வெயில் என்று நினைத்தார்கள். ஐந்து மணிக்கு இன்னொரு வாந்தி. தலை வலிக்கிறது என்று படுத்தான். "தூங்கட்டும், தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்." வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்த அம்மா எழுப்பினார். எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது ஒரு கருவிழியின் நடுப்பொட்டு பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அது சரியில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடிதான் அவனைக் காப்பாற்றியது.

பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் மதுரை, ஸ்கேன், நள்ளிரவில் ஆபரேஷன். மண்டையோட்டுக்கும் மூளைக்கு மேலிருக்கும் உறைக்கும் நடுவில் ரத்தம் தேங்கிக் கட்டியாக நின்றிருந்தது. அதை எடுத்தார்கள். பதினோரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. நடந்தான், சாப்பிட்டான், சிரித்தான். குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டபடி காவடி எடுத்தார்கள். மொட்டை அடிக்க வேண்டிய வேலையை ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிட்டார்கள் என்று அப்பா ஜோக் அடித்தார். எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "சரியாப் போச்சு!"

உண்மையில் அப்போதுதான் கதையே ஆரம்பம்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை வேகமாகப் போய் எதிலாவது மோதி நிற்கும்போது மண்டை நின்றுவிடும், உள்ளே இருக்கும் மூளை நிற்காது. அது போய் எலும்பில் இடித்து, திரும்பி வந்து எதிர்ப்பக்கமும் இடிக்கலாம். தலை சுழன்று திரும்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்துபோகலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இவ்வளவும் நடக்க முடியும். 'ரத்தம் வந்துவிட்டது, அதனால் உள்ளே ஒன்றும் இல்லை' என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதில் எந்த உண்மையும் இல்லை. வெளியே வரும் ரத்தம் தோலில் இருந்து வருகிறது, உள்ளே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

குழந்தைகளுக்கு இது ஏன் இன்னும் மோசம்? பிறந்த குழந்தையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். உடம்புக்கு மீறிய கனமான தலை, அதைத் தாங்கப் பலம் பத்தாத கழுத்து, மெல்லிய மண்டையோடு. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் விழுந்தால் பெரும்பாலும் தலைதான் முதலில் போய் இடிக்கிறது.

டாக்டர்கள் மூளைக் காயத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, அடிபட்ட நொடியில் நடந்த சேதம். அதை எந்த டாக்டரும் திருப்ப முடியாது. இரண்டாவது, அதற்குப் பிறகு வரும் மணி நேரங்களில் நடப்பது. ரத்தக் கசிவு, வீக்கம், உள்ளே ஏறும் அழுத்தம், மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறைவது. மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே வீங்கினால் விரிந்து கொடுக்க இடம் இல்லை. இந்த இரண்டாவது சேதத்தைத்தான் மருத்துவத்தால் தடுக்க முடியும். அதனால்தான் நேரம் முக்கியம் என்கிறார்கள். வலையபட்டிப் பையன் விழுந்ததற்கும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டதற்கும் நடுவில் ஐந்து மணி நேரம் போய்விட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவன் எழுந்து தெருவில் பேசிக்கொண்டிருந்தானே, அது நல்ல அறிகுறி இல்லையா? எப்போதும் இல்லை. மண்டையோட்டுக்குக் கீழே ரத்தம் மெதுவாகச் சேரும்போது நடுவில் சில மணி நேரம் ஆள் தெளிவாக இருப்பதுண்டு. கட்டி பெரிதாகி மூளையை அழுத்த ஆரம்பித்த பிறகுதான் மயக்கம் வரும். வீட்டார் ஏமாந்துபோவது இந்த இடைவெளியில்தான்.

காயம் எவ்வளவு கடுமை என்று பார்க்க உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1974-இல் உருவாக்கியது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். முழு மதிப்பெண் 15, மிகக் குறைவு 3. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. பேச்சு வராத கைக்குழந்தைகளுக்கு இதையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பரீட்சை மார்க் மாதிரிதான், ஆனால் இதில் பாஸ் ஆவது உயிர்!

எப்போது ஓட வேண்டும்?

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. குழந்தைகள் விழுவார்கள். விழாமல் வளர்ந்த பிள்ளை உலகத்தில் இல்லை. பெரும்பாலான அடிகள் வீக்கத்தோடு போய்விடும். விழுந்த எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டியதும் இல்லை. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, சின்ன வயதில் அதைத் தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 42,412 பிள்ளைகளைப் பார்த்து யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று கண்டுபிடிக்கும் விதிகளை 2009-இல் வெளியிட்டார்கள். பல சமயம் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்தாலே போதும் என்பதற்கு அந்த ஆய்வு பெரிய ஆதாரம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு மாமா இல்லை.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

- கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது
- திரும்பத் திரும்ப வாந்தி
- எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம்
- வலிப்பு
- நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி
- குழறிய பேச்சு, சம்பந்தம் இல்லாத பேச்சு
- ஒரு பக்கக் கை கால் பலம் குறைவது, தள்ளாட்டம்
- மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரியோ ரத்தமோ வடிவது
- இரண்டு கண்ணின் நடுப்பொட்டும் ஒரே அளவில் இல்லாதது
- கைக்குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பது, நிறுத்தாத அழுகை, உச்சிக்குழி புடைத்து நிற்பது

செய்யக் கூடாதவையும் உண்டு. மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். வீக்கத்தை அமுக்கித் தேய்க்கக் கூடாது. உயரத்திலிருந்து விழுந்த பிள்ளையை உலுக்கி எழுப்பவோ, கழுத்து ஆட அள்ளித் தூக்கவோ கூடாது, கழுத்தெலும்பிலும் அடி இருக்கலாம். முடிந்தவரை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியது. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கையில் பணம் புரட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற தவறு வேறு இல்லை.

ஒரு பெயர் எல்லோருக்கும் தெரியும்

தமிழ்நாட்டில் தலைக்காயம் என்றால் மறக்க முடியாத பெயர் ஒன்று உண்டு. ஹிதேந்திரன். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவன். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, இருவருமே டாக்டர்கள். 2008 செப்டம்பரில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் பலத்த அடி. சென்னைக்குக் கொண்டுவந்து சிகிச்சை கொடுத்தும் மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது. மூளைச்சாவு என்றால் கோமா இல்லை. கோமாவில் இருப்பவருக்குத் திரும்பி வர வழி உண்டு. மூளைச்சாவில் அது கிடையாது. இயந்திரத்தின் உதவியால் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

அதைப் படிப்பாலும் தொழிலாலும் அறிந்திருந்த அந்தப் பெற்றோர், மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இதயத்தைக் கொண்டுபோகப் போலீஸ் வழிநெடுகப் போக்குவரத்தை நிறுத்தியது. சென்னை நெரிசலில் முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு சிறுமிக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டது. அதன் பிறகுதான் உறுப்பு தானம் என்ற வார்த்தை தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெற்றோர் செய்ததை வார்த்தையால் புகழ்ந்து முடியாது. ஆனால் அந்தக் கதையில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது இதயம். அதற்கு முன்னால் நடந்தது ஒரு சிறுவனுக்கு ஏற்பட்ட தலைக்காயம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இறந்துபோன பிள்ளைகளைப் பற்றியாவது செய்தி வருகிறது. பிழைத்து வந்த பிள்ளைகளைப் பற்றி? அவர்களைப் பற்றி எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வருவதில்லை. ஏனென்றால் அவர்கள்தான் 'சரியாப் போச்சே'!

பிழைத்த பிறகு...

வலையபட்டிக்குத் திரும்பி வருவோம்.

பையன் மூன்று மாதத்தில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். நான்காம் வகுப்பை எப்படியோ முடித்தான். ஐந்தாம் வகுப்பில் டிபன் பாக்ஸைத் தொலைத்தான், பிறகு குடை, பிறகு செருப்பு. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். அம்மா "கடைக்குப் போய் உப்பும் தீப்பெட்டியும் வாங்கிட்டு, வர்ற வழியில அக்காவைக் கூட்டிட்டு வா" என்றால் உப்பு மட்டும் வந்து சேரும். தோற்றுப்போனால் ஆட்டத்தையே கலைப்பான். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவான், பத்து நிமிடம் கழித்து ஏன் எறிந்தோம் என்று தெரியாமல் அழுவான். முன்பு அவன் அப்படி இல்லை.

ஆறாம் வகுப்பு பெரிய பள்ளிக்கூடம். பாடத்துக்கு ஒரு வாத்தியார், நிறைய நோட்டு, நிறைய வீட்டுப்பாடம். அங்கே அவன் மொத்தமாகச் சறுக்கினான். 'கவனமில்லை', 'திமிர்', 'சோம்பேறி' என்று ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு பெயர் வைத்தார்கள். அப்பா பெல்ட்டை எடுத்தார். அப்பத்தா காத்து கருப்பு என்று சொல்லிக் கயிறு மந்திரித்துக் கட்டினார். மண்டையில் பட்ட அடி யாருக்கும் நினைவுக்கே வரவில்லை. அதுதான் சரியாப் போச்சே!

இங்கேதான் குழந்தைகளின் மூளைக் காயம் பெரியவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது. ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை இருந்தது: சின்ன வயசு மூளை களிமண் மாதிரி, அடிபட்டாலும் தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், எவ்வளவு சின்ன வயதோ அவ்வளவு நல்லது என்று. 1930களில் மார்கரெட் கென்னார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து இந்தக் கருத்து பரவியது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, இளம் மூளைக்கு வளைந்து கொடுக்கும் தன்மை உண்டுதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள், முக்கியமாக ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் விக்கி ஆண்டர்சனும் அவர் குழுவினரும் வருடக்கணக்கில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செய்தவை, வேறு படத்தைக் காட்டின. காயம் கடுமையாக இருந்தால், ரொம்பச் சின்ன வயதில் அடிபட்ட பிள்ளைகள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

காரணம் எளிமையானது. பெரியவர் ஏற்கெனவே கற்றதை வைத்திருக்கிறார். குழந்தை இனிமேல்தான் கற்க வேண்டும். திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, இரண்டு வேலையை ஒன்றாக நினைவில் வைப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் நெற்றிப் பக்க மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. 9 வயதில் அந்தத் திறமைகள் யாரிடமும் முழுதாக இருக்காது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். 12 வயதில் பள்ளிக்கூடம் கேட்கும். அப்போதுதான் இல்லை என்பது தெரியும். கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது புரியும்: வாங்கிய கடனை அன்றைக்கு ஏட்டில் எழுதாமல் விட்டால் கடன் இல்லாமல் போய்விடுவதில்லை. தவணை வரும் நாளில் வட்டியோடு வந்து நிற்கும். அதற்குள் அது எந்தக் கடன் என்பதே வீட்டில் மறந்துபோயிருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். லேசான காயம் பட்ட பிள்ளைகளில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு மேல் பெரிய சிரமம் எதுவும் நீடிப்பதில்லை என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஓரிரு நாள் நல்ல ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பழைய வேலைகளுக்குத் திரும்புவது, முழுதாகத் தேறும் வரை மறுபடி தலையில் அடிபடும் விளையாட்டுகளைத் தள்ளிவைப்பது, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. அதனால் விழுந்த பிள்ளையை எல்லாம் நோயாளி ஆக்கிவிடாதீர்கள். ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகும் தலைவலி, மறதி, தூக்கக் கோளாறு, சீக்கிரம் களைத்துப்போவது, குணத்தில் மாற்றம் என்று இருந்தால் அதைத் திமிர் என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

ஏழாம் வகுப்பில்தான் ஒரு ஆள் சரியான கேள்வியைக் கேட்டார். வட்டார வள மையத்திலிருந்து பள்ளிகளுக்கு வந்துபோகும் சிறப்பாசிரியர் அவர். வேறு ஒரு பிள்ளையைப் பார்க்க வந்தவர், வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருந்த இவனைப் பார்த்தார். பேச்சுக் கொடுத்தார். காதுக்கு மேலே முடி முளைக்காத கோடு கண்ணில் பட்டது. மறுநாள் அம்மாவை வரச் சொன்னார்.

"இவனுக்குத் தலையில எப்பவாவது அடி பட்டிருக்காம்மா?"

"பட்டுச்சு டீச்சர். மாடியில இருந்து விழுந்துட்டான். ஆனா அது மூணு வருசத்துக்கு முன்னாடியே சரியாப் போச்சே."

"அதுக்கு முன்னாடி இவன் எப்படி இருந்தான்?"

அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு அழுதார். இத்தனை நாளும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு நோட்டு போட்டு எழுதி வையுங்கள்: என்ன மறந்தான், எப்போது கோபப்பட்டான், அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை மணிக்குத் தலைவலி வந்தது, எவ்வளவு தூங்கினான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, மகனின் பழைய நாற்பது பக்க நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு மாதம். 'செவ்வாய். சாயங்காலம். மிக்சி ஓடுச்சு. கத்தினான்.' 'வியாழன். மூணு வேலை சொன்னேன். ஒண்ணு செஞ்சான்.' 'ஞாயிறு. நல்லா தூங்கினான். கோவமே வரலை.'

அந்த நோட்டோடும் பழைய ஸ்கேன் படங்களோடும் மறுபடி மதுரைக்குப் போனார்கள். டாக்டர் நோட்டைத்தான் முதலில் படித்தார். பிறகு ஒரு மனநல நிபுணர் பாதி நாள் உட்கார்ந்து பையனுக்கு விளையாட்டு மாதிரி நிறையச் சோதனைகள் வைத்தார். அறிவுக்குக் குறைவில்லை. கேட்டதை மனதில் பிடித்துவைக்கும் வேகமும் அளவும் குறைவு. சத்தத்தில் சீக்கிரம் களைத்துப்போகிறான். களைத்தால் கோபம். எல்லாமே நோட்டில் இருந்ததுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மகனிடம், "கால் வலிக்குதாடா தம்பி?" என்று கேட்டாராம். அவன் இல்லை என்றான். அவர் கேட்டது நடந்ததால் வந்த வலியைப் பற்றி இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெல்ட் இடுப்பில் மட்டும்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. முன் பெஞ்சில், ஜன்னல் ஓரச் சத்தம் இல்லாத இடத்தில் உட்கார வைப்பது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. சொன்னதைப் பலகையிலும் எழுதுவது. நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று டைரியில் எழுத வைப்பது. நடுவில் பத்து நிமிடம் ஓய்வு. பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம். வாய்ப்பாட்டை மனப்பாடம் கேட்காமல் அட்டையைப் பார்த்துக் கணக்குப் போட விடுவது. வகுப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இதில் பாதி நல்லதுதான்!

சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் 1990-இல் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிபட்டு வந்த மூளைக் காயத்தை ஒரு தனி வகையாகவே சேர்த்தார்கள். நம் நாட்டில் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. மூளைக் காயம் என்று தனிப் பெயர் அதில் இல்லை. அடிபட்ட பிறகு என்ன குறை நிற்கிறதோ (பார்வை, நடை, பேச்சு, அறிவுத்திறன்), அதன் பெயரில்தான் சான்றிதழ். வெளியே தெரியும் குறை எதுவும் இல்லாத பிள்ளைகள் இதில் நழுவிப் போக வாய்ப்பு அதிகம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருடம் கழித்தும் அது தேவைப்படலாம்.

உதவி கேட்க இடங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையம். சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்விக்கு ஒரு துறை உண்டு. மூளை அறுவைச் சிகிச்சையில் நம் மாநிலம் பின்தங்கியதும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னை பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கி வைத்தது நாட்டுக்கே முன்னோடி. உயிரைக் காப்பாற்றுவதில் எழுபது வருடத்துக்கும் மேலான அனுபவம் நமக்கு இருக்கிறது. காப்பாற்றிய பிறகு வகுப்பறையில் என்ன செய்வது என்பதில்தான் இன்னும் அரிச்சுவடி படித்துக்கொண்டிருக்கிறோம்.

வருமுன்...

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இருசக்கர வண்டியில் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் உட்காரும் பிள்ளைக்கும்தான். 2022 பிப்ரவரியில் வந்த விதியில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது தெருவில் போய்ப் பாருங்கள். அப்பா தலையில் ஹெல்மெட், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் வெயில்! சிறுவனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தால் கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அபராதத்துக்குப் பயந்தாவது கொடுக்காமல் இருந்தால் நல்லது.

பிறகு மொட்டை மாடி, படிக்கட்டு, கிணற்றடி, மாமரம். கைக்குழந்தை அழுகிறது என்று ஆத்திரத்தில் பிடித்து உலுக்குவதும் இந்தக் கணக்கில் சேரும். கீழே விழாமலேயே, வெறும் உலுக்கலிலேயே மூளையில் ரத்தம் கசியும்.

வலையபட்டிப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். இன்னும் மறக்கிறான். சத்தத்தில் இன்னும் காதைப் பொத்துகிறான். ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை, சட்டைப் பையில் அட்டை இருக்கிறது. ஆனால் கடந்த அரையாண்டில் ஐந்தில் நாலு பாடம் பாஸ். முட்டி போடச் சொன்ன அதே வாத்தியார் இப்போது பலகையில் எழுதிவிட்டு, "எழுதிட்டியாப்பா?" என்று ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். அம்மா நோட்டை நிறுத்தவில்லை. இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அதில் இப்போது மறதியை மட்டும் எழுதுவதில்லை. 'புதன். உப்பு, தீப்பெட்டி ரெண்டும் வாங்கிட்டு வந்தான்.'

மாடியைச் சுற்றிச் சுவரும் வந்துவிட்டது. மூன்றடி உயரம். அப்பாவும் ஒரு கொத்தனாரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கட்டி முடித்தார்கள். செங்கல், சிமெண்ட், மணல், கூலி எல்லாம் சேர்ந்து அவருடைய ஒரு மாதச் சம்பளம்கூட ஆகவில்லையாம். பில்லை மடித்து நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு மாடியிலும் ஒரு 'அப்புறம்' பாக்கி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உங்கள் தெருவில் 'திமிர் பிடித்த' பையன் ஒருவன் இருந்தால், அவன் அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.